மார்கழிப் பனி, மாசி நெருஞ்சி: சைக்கிள் கேள்வி-பதில்

பொங்கல் முடிந்த கையோடு வந்து விழுந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சைக்கிள் பற்றியவைதான். ஐப்பசியில் மழை பிடித்ததும் வண்டியைத் திண்ணையில் ஏற்றிவிட்டு மார்கழிக் கடைசியில் இறக்குகிற ஊர் நம்ம திருநெல்வேலி. இறக்கிய பிறகுதான் எது எது போயிருக்கிறது என்று தெரியும், உடனே கடைக்கு ஓடுவோம், கடைக்காரர் சொன்னதை வாங்கிக்கொண்டு வருவோம். ஓடுவதற்கு முன்னால் ஒருதரம் இதைப் படித்துவிடுங்கள்.

அண்ணாச்சி, பத்து நாளில் நாலு பஞ்சர். 'டியூப் போச்சு, மாத்து' என்றார் கடைக்காரர். மாற்றினேன், மறுநாளே காற்று இறங்கிவிட்டது. காற்றே அடிக்க வேண்டாம், பஞ்சரே ஆகாது என்று ஆன்லைனில் ஒரு டயர் வருகிறது, விலை என் சைக்கிளில் பாதி. வாங்கலாமா? (மானூர் பக்கம், கல்லூரி மாணவர்)

வாங்காதே தம்பி. டியூப் மேல் பழி போடுவதற்கு முன்னால் டயரைப் பார். மழையில் பாதையோரம் தரையோடு தரையாகப் படர்ந்து மஞ்சள் பூ பூத்ததே, அந்த நெருஞ்சி தை மாசியில் காய்ந்து, காய் உடைந்து சில்லு சில்லாகப் பாதை முழுக்கக் கிடக்கும். எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேலே பார்த்துத்தான் நிற்கும், அதன் அமைப்பு அப்படி. அது டயரில் ஏறி முனை மட்டும் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். பஞ்சர் ஒட்டுகிறவர் டியூபில் உள்ள ஓட்டையை அடைத்துவிட்டு டயரை விரலால் ஒரு தடவு தடவி மாட்டிவிடுகிறார், காய்த்துப்போன விரலுக்கு அந்த முனை எங்கே தெரியப்போகிறது? புது டியூபும் அதே முள்ளில்தான் போய் உட்காரும்.

பழைய பனியன் துணியை எடுத்து டயரின் உள்பக்கம் ஒரு சுற்று இழுத்துப் பார். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே முள். போன மாசியில் என் சைக்கிளின் பின் டயர் ஒன்றில் மட்டும் ஏழு முள் எடுத்தேன், அதில் நாலு கண்ணுக்கே தெரியவில்லை, வெளியிலிருந்து ஊசியால் குத்தித்தான் உள்ளே தள்ள வேண்டியிருந்தது.

முள்ளே இல்லை, ஆனாலும் ராத்திரியில் காற்று இறங்குகிறது என்றால் வால்வைப் பார். சாதா சைக்கிள் என்றால் வால்வுக் குச்சியில் ஒரு சின்ன ரப்பர்க் குழாய் போட்டிருக்கும், அது நாள்பட்டால் வெடித்துப்போகும். காற்று அடித்துவிட்டு வால்வு வாயில் எச்சிலைத் தொட்டு வை. குமிழி வந்தால் அந்த ரப்பரை மாற்றினால் போதும், அதுதான் கடையிலேயே மலிவான சாமான். அதனாலேயே அதை யாரும் உனக்கு ஞாபகப்படுத்த மாட்டார்கள்.

தடுப்புக்கு ஒரு வழி: வீணாய்ப்போன டியூபை நீளவாக்கில் வெட்டி, டயருக்கும் டியூபுக்கும் நடுவில் பட்டையாக விரி. நெருஞ்சிக்கு அது போதும். சீமைக்கருவேல முள்ளையும் உடைமர முள்ளையும் இது தடுக்காது. அவை நீள முள், எந்தப் பட்டையையும் தாண்டி வரும், அந்தப் பாதையைத் தவிர்ப்பதுதான் மருந்து. ஓட்டையைத் தானே அடைக்கிற திரவம் விற்கிறார்கள், உன் டியூபில் இருப்பது மோட்டார் வால்வு என்றால், அதாவது பைக்குக்கு இருப்பது போன்ற தடித்த வால்வு என்றால், நடுவிலுள்ள ஊசியைக் கழற்றிவிட்டு அதை ஊற்றலாம், சின்ன முள்ளுக்கு வேலை செய்யும். நீ கேட்கிற காற்றில்லாக் கெட்டி டயர் மிதிக்கக் கனமாக இருக்கும், ஒவ்வொரு குழிக்கும் இடி நேராக ரிம்முக்கும் போக்ஸ்கம்பிக்கும் போகும். மானூர் ரோட்டில் அதை மாட்டிக்கொண்டு கம்பி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம்.

செயினுக்குத் தேங்காயெண்ணெய்தான் விடுவேன், எங்கள் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். இந்த மார்கழியில் காலையில் மிதிக்கவே கனமாக இருந்தது. இருநூறு முந்நூறு கொடுத்து செயின் ஸ்ப்ரே வாங்குவது அவசியமா? (அம்பாசமுத்திரம்)

அண்ணாச்சி, மார்கழிக் காலையில் உங்கள் வீட்டுக் குளியலறை எண்ணெய்ப் பாட்டிலைப் பாருங்கள், வெள்ளையாக உறைந்து நிற்கும். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் கட்டிப்படும். மலையடிவாரத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், விடியற்காலையில் சர்வசாதாரணமாக அதற்குக் கீழே போகும். பாட்டிலில் நடப்பதுதான் செயின் கண்ணிக்குள்ளும் நடக்கிறது. பகலில் உருகி, தூசியைப் பிடித்து, சாயங்காலம் கறுப்புப் பசையாகிவிடும்.

ஸ்ப்ரே அவசியமில்லை. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சின்ன பாட்டில் வாங்குங்கள். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் செயினைத் துடைத்து, காயவிட்டு, கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, மேலே இருப்பதைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளே இருக்க வேண்டும், வெளியே பளபளக்கக் கூடாது. உவரி, இடிந்தகரை மாதிரிக் கடலோரத்துக்காரர்கள் இதை வாரம் ஒருமுறை செய்யட்டும், உப்புக்காற்று செயினை விட்டுவைக்காது. பழைய இன்ஜின் ஆயில் மட்டும் யாரும் விட வேண்டாம், வேட்டியும் பாவாடையும் பாழ்.

மகள் சைக்கிளுக்கு டயர் வாங்கினேன். 26 என்று கேட்டு 26 தான் வாங்கினேன், ரிம்மில் ஏறவே இல்லை. திருப்பிக் கொடுக்கப் போனால் 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள். (மூலைக்கரைப்பட்டி)

அக்கா, இந்த 26 ஊரையே ஏமாற்றுகிற கணக்கு. 26 என்ற பெயரில் பல அளவு இருக்கிறது, முக்கியமானவை இரண்டு. சாதா லேடீஸ் சைக்கிள்களில் பெரும்பாலும் 26 × 1 3/8 என்று பின்னத்தில் போட்டிருக்கும், பையன்கள் ஓட்டுகிற தடித்த டயர் சைக்கிளில் 26 × 2.125 அல்லது 1.95 என்று தசமத்தில் இருக்கும். ஒன்றின் டயர் இன்னொன்றின் ரிம்மில் உட்காரவே உட்காராது. டயர் பக்கவாட்டில் பொடி எழுத்தில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும், அதுதான் நிஜ அளவு: முதல் வகைக்கு 590, இரண்டாவதுக்கு 559. அப்பா காலத்துக் கறுப்பு 28 இஞ்ச் சைக்கிளுக்கு 635. ரேஸ் மாதிரி இருக்கிற 700சி-க்கும் 29-க்கும் ஒரே எண், 622. பழைய டயரைக் கையோடு எடுத்துப் போங்கள், முடியாவிட்டால் அந்த எண்ணை போனில் படம் பிடித்துக்கொண்டு போங்கள்.

இப்போது சட்டம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடு, போடாவிட்டால் 30 நாள். 'வாபஸ் இல்லை' என்று அச்சடித்துவிட்டதால் அந்தப் பொறுப்பு போய்விடாது. பில் தராமல் விடுவதும் அதே கணக்குதான்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும் இல்லையா, உங்கள் டயரில் குறை இல்லை, அளவுதான் தப்பு. சைக்கிளைக் காட்டியோ இன்ன மாடல் என்று சொல்லியோ கேட்டு, கடைக்காரர் தப்பானதைக் கொடுத்திருந்தால் உங்கள் பக்கம் நியாயம் பலமாக இருக்கிறது. வெறுமனே '26 ஒண்ணு' என்று கேட்டிருந்தால் கொஞ்சம் பலவீனம்தான். மாட்டி அழுக்காக்காத டயர் என்றால் பணமாகக் கேட்காமல், 'அளவை மட்டும் மாத்திக் கொடுங்க, வித்தியாசம் இருந்தா தர்றேன்' என்று கேளுங்கள். நம்ம பக்கத்துக் கடைகளில் பெரும்பாலும் அது நடக்கும். நடக்காவிட்டால் 1915-க்கு போன் போடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண், கட்டணமில்லை.

வள்ளியூரிலிருந்து வடக்கே தினமும் ஏழு கிலோமீட்டர் வேலைக்குப் போகிறேன். காலையில் எதிர்க்காற்று ஆளைத் தள்ளுகிறது. 21 கியர் சைக்கிள் ஆன்லைனில் ஆஃபரில் கிடக்கிறது, போடட்டுமா?

மார்கழி தையில் வாடைக்காற்று, நீங்கள் நாங்குநேரிப் பக்கம் பார்த்து மிதித்தால் முகத்தில்தான் அடிக்கும். இது பரவாயில்லை. ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பணகுடிப் பக்கம் குறுக்கே வந்து அடிக்கும்போது 21 அல்ல, 42 கியர் இருந்தாலும் இறங்கி உருட்ட வேண்டியதுதான், காற்றாலைக்காரனுக்கு மட்டும்தான் அது கொண்டாட்டம்.

இருக்கிற சைக்கிள் நல்ல நிலையில் இருந்தால் பின்சக்கரப் பல்லை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் 18 இருக்கும். 20 அல்லது 22 பல் ஃப்ரீவீல் கேட்டு மாட்டுங்கள், செயினில் ஒன்றிரண்டு கண்ணி சேர்க்க வேண்டிவரலாம், அவ்வளவுதான். வேகம் கொஞ்சம் குறையும், முழங்கால் தப்பிக்கும். ஏழு கிலோமீட்டர் சமதளத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

இல்லை, கியர்தான் வேண்டும் என்று மனசு சொல்கிறதா, சரி. பெட்டியில் வருகிற சைக்கிள் முழுசாகப் பூட்டி வராது. முன்சக்கரம், ஹேண்டில்பார், பெடல், சீட் எல்லாம் நீங்கள்தான் மாட்ட வேண்டும். இங்கேதான் பாதிப்பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம், பெடலில் எல், ஆர் என்று போட்டிருக்கும். பார்க்காமல் ஸ்பானரை வைத்து அழுத்தினால் கிராங்கின், அதாவது பெடல் மாட்டுகிற கையின், மரை தேய்ந்து பெடல் கழன்று கழன்று விழும், அதற்கு எந்தக் கம்பெனியும் வாரண்டி தராது. இன்னொன்று முன் ஃபோர்க்கை, அதாவது முன்சக்கரத்தைப் பிடிக்கிற கவையை, திருப்பி மாட்டுவது. சிரிக்காதீர்கள், நாலுவழிச்சாலையில் அப்படி ஓட்டிப் போகிற பிள்ளைகளை நானே நிறுத்திச் சொல்லியிருக்கிறேன். டிஸ்க் பிரேக் என்றால் டிஸ்க் உங்கள் இடது பக்கம் இருக்க வேண்டும், வலது பக்கம் வந்தால் ஃபோர்க் திரும்பியிருக்கிறது.

பெட்டி வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுங்கள். பெடல் அச்சுக்கு அடியில், சைக்கிளைக் கவிழ்த்தால் தெரிகிற இடத்தில் பெரும்பாலும் பிரேம் எண் இருக்கும், அதை பில்லோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள், திருடு போனால் ஸ்டேஷனில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். உடைந்த சாமான் வந்து கம்பெனி இழுத்தடித்தால், விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் வரை கட்டணமில்லை, இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். அப்புறம், ஆர்டர் போடுவதற்கு முன் உள்ளூர்க் கடையில் 'இந்த அளவு டியூப் இருக்கா' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். 27.5 இஞ்ச் டியூபுக்கு டவுன் வரை வந்து அலைகிற ஆட்களை எனக்குத் தெரியும்.

பழைய சைக்கிள் ஒன்று மலிவாக வருகிறது. வெள்ளத்தில் கிடந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (தச்சநல்லூர்)

2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது சிந்துபூந்துறையில் என் சைக்கிள் இரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டு, ஆறு மாசம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஒருநாள் சீட்டை உயர்த்தலாம் என்று சீட் கம்பியை உருவினேன், சேறு காய்ந்து செம்பொடியாகக் கொட்டியது, கம்பியின் அடிப்பக்கம் அரித்துப்போயிருந்தது. பெயின்ட் மேலே பளபளவென்று இருந்தது.

அதனால் விற்கிறவர் முன்னாலேயே சீட் கம்பியை உருவுங்கள். சைக்கிளைத் தலைகீழாகச் சாய்த்து பிரேமை ஒரு தட்டு தட்டுங்கள். பொடி கொட்டினால் நடையைக் கட்டலாம். பிறகு கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், செயினை இறக்கிவிட்டு வெறுமனே சுற்றுங்கள், கரகரவென்றால் உள்ளே பால்ரஸ், அதாவது சின்ன இரும்புக் குண்டுகள், துருப்பிடித்திருக்கிறது. அது மட்டும்தான் குறை என்றால் எல்லாம் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டுகிற ஓவராயில் செலவை விலையில் கழித்துக் கேட்டு வாங்கலாம். பிரேம் அரித்திருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

விடியற்காலை நாலரைக்குப் பால் எடுத்துப் போகிறேன், பாளையங்கோட்டையிலிருந்து செய்துங்கநல்லூர்ப் பக்கம். டைனமோ பனியில் வழுக்குகிறது. என்ன லைட் வாங்க?

டயரில் உரசுகிற டைனமோ ஈரத்தில் வழுக்கத்தான் செய்யும், நின்றால் வெளிச்சமும் நின்றுவிடும். சார்ஜ் லைட் ஒன்று வாங்குங்கள், பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்றாவது போட்டிருக்க வேண்டும், தூறல் தெறித்தால் தாங்கும் என்று அர்த்தம். காசு குறைவு என்றால் முன்னால் சுமாரானதைப் போட்டுக்கொண்டு பின்னால் சிவப்பு லைட்டை நல்லதாக வாங்குங்கள், லாரிக்காரனுக்கு நீங்கள் தெரிவதுதான் முக்கியம். பால் கேன் பின்லைட்டை மறைக்காமல் கேனுக்கு வெளியே கட்டுங்கள். தைப்பூசம் வரை அந்த ரோட்டில் திருச்செந்தூருக்குப் பச்சை உடுத்தி நடந்து போகிறவர்கள் ராத்திரி முழுக்க இருப்பார்கள், லைட்டைத் தரையைப் பார்க்கச் சாய்த்து வையுங்கள், அவர்கள் கண்ணில் அடிக்காது.

அறுவடை நேரத்தில் ரோட்டில் போட்ட வைக்கோல் என் கியரில் சுற்றிக்கொள்கிறது, கம்பெனியில் கேட்டால் வாரண்டி இல்லை என்கிறார்கள். (சேரன்மகாதேவி)

சரியாகத்தான் சொல்கிறார்கள். பிசான நெல் அறுப்பு முடிகிற வரை அந்தத் துண்டில் மிதிக்காமல் உருட்டிப் போங்கள். சுற்றிவிட்டால் பின்னால் மிதித்து இழுக்காதீர்கள், வண்டியைக் கவிழ்த்து, கத்தியால் அறுத்து எடுங்கள். இழுத்தால் கியர் மாற்றுகிற கை வளைந்துவிடும்.

அப்பாவுக்கு 68 வயது. பேட்டரி சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டுமா?

மோட்டார் 250 வாட்டுக்கு உட்பட்டு, வேகம் 25 கிலோமீட்டருக்கு மேல் போகாததாக இருந்தால் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது, லைசென்ஸும் நம்பர் பிளேட்டும் வேண்டாம். 'வேக லாக்கை எடுத்துவிட்டால் நாற்பதில் போகும்' என்று கடையில் சொன்னால் அந்த வண்டியை வாங்காதீர்கள், அப்புறம் அது சைக்கிள் இல்லை. பேட்டரிக்கு வாரண்டி எத்தனை வருஷம் என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

புது சைக்கிள் பில்லில் ஜிஎஸ்டி 12 சதவீதம் போட்டிருக்கிறார்கள். சரியா?

தப்பு. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரிபாகங்களுக்கும் 5 சதவீதம்தான். அந்தத் தேதிக்குப் பிறகு போட்ட பில் என்றால் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள், 'பழைய ஸ்டாக்' என்ற பதிலை ஏற்காதீர்கள். வரி, சரக்கு வந்த நாளுக்கு இல்லை, உங்களுக்கு விற்ற நாளுக்கு.