ஆர்.ஓ. இருக்கட்டும், முதலில் குளியலறையைக் கவனியுங்கள்

கேள்வி: பெங்களூர் அல்சூரில், மாமனார் கட்டிய ஐம்பது வருடப் பழைய வீட்டில் இருக்கிறோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் காவிரித் தண்ணீர் வந்து சம்ப்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில், இறங்கும். கோடையில் லாரித் தண்ணீரும் அதே சம்ப்பில்தான். பாத்திரமெல்லாம் வெள்ளையாக உப்புப் படிகிறது. ஆறு வயதுப் பையனுக்கு மட்டும் மாதம் தவறாமல் வயிற்றுப்போக்கு. போன வாரம் ஆர்.ஓ. விற்க வந்தவர் எங்கள் தண்ணீரில் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்தார். இரண்டே நிமிடத்தில் சாக்கடை போல ஆகிவிட்டது. டி.டி.எஸ். 480, இதைக் குடித்தால் கிட்னியில் கல் வரும் என்றார். வாங்கலாமா, காய்ச்சிக் குடித்தால் போதாதா? இன்னொன்று: குளிர் ஆரம்பித்ததிலிருந்து நானும் பையனும் குளித்துவிட்டு வந்தால் தலைவலி. ஒரு முறை அவன் வாந்தியும் எடுத்தான். கேஸ் கீஸர் வெந்நீர்தான். இதுவும் தண்ணீரால் இருக்குமா?

பதில்: "இன்னொன்று" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் கடிதத்திலேயே அவசரமான விஷயம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தலைவலிக்குத் தண்ணீர் காரணமாக இருக்க வாய்ப்பில்லை. கீஸரைத்தான் நான் சந்தேகப்படுகிறேன். கேஸ் எரிய ஆக்சிஜன் வேண்டும். பழைய வீடுகளில் குளியலறை சின்னது. டிசம்பர் குளிருக்குப் பயந்து இருக்கிற ஒரு வென்டிலேட்டரையும் அட்டை வைத்து அடைத்துவிடுகிறோம். காற்று போதாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. சிலிண்டர் கேஸ் கசிந்தால் மூக்கில் ஏறுகிற நாற்றம், கசிவு தெரியட்டும் என்று கம்பெனிக்காரர்கள் சேர்ப்பது. கார்பன் மோனாக்சைடில் அப்படி எந்த எச்சரிக்கையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல். அப்புறம் மயக்கம், சிலருக்கு வலிப்பு. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. குளியலறையில் மயங்கி விழுந்தவரை மாரடைப்பு என்றோ காக்காய் வலிப்பு என்றோ நினைத்துத் தூக்கி வருவது இந்த ஊர் மருத்துவர்களுக்குப் புதிதல்ல.

இன்றிலிருந்தே அந்த கீஸரை எரியவிட்டுக்கொண்டு குளிக்காதீர்கள். வெளி ஆளைக் கூப்பிட்டு, காற்றோட்டமான யூட்டிலிட்டியிலோ வெளிச்சுவரிலோ மாற்றி வையுங்கள். வெந்நீர் மட்டும் குழாயில் உள்ளே வந்தால் போதும். அதுவரை கதவைத் திறந்துவைத்து வாளியில் பிடித்து, கீஸரை அணைத்து, சில நிமிடம் காற்றாட விட்டுவிட்டுக் குளியுங்கள். ஒருவர் வெளியே வந்ததும் அடுத்தவர் உள்ளே போவதும் வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். உள்ளே வரக் காற்றுக்கு வழியில்லாத அறையில் அது பெரிதாக ஒன்றும் செய்யாது. இன்னொரு முக்கியமான செய்தி. யாராவது மயங்கினால் வெளிக்காற்றுக்குத் தூக்கி வந்து உடனே மருத்துவமனைக்குப் போங்கள், போனதும் "கேஸ் கீஸர்" என்று சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இந்த விஷவாயுவையும் ஆக்சிஜனாகவே கணக்கிட்டு 98, 99 என்று காட்டும். அதை நம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் ஆபத்து.

சரி, தண்ணீருக்கு வருவோம்.

அந்தக் கம்பி வித்தை பழைய வித்தை. அவர் விட்ட கம்பிகளில் ஒரு ஜோடி இரும்பு. தண்ணீரில் உப்புச்சத்து இருந்தால் கரண்ட் பாயும், இரும்பு கரைந்து துருவாகப் பிரியும். நீங்கள் பார்த்த "சாக்கடை" உங்கள் சம்ப்பில் இல்லை, அவருடைய கம்பியில் இருந்தது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, கரண்ட் அவ்வளவாகப் பாயாது, அதனால் தெளிவாகவே நிற்கும். அடுத்த முறை வந்தால் அவருடைய ஆர்.ஓ. டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு அதே வித்தையைச் செய்யச் சொல்லிப் பாருங்கள்.

டி.டி.எஸ். என்பது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, அவ்வளவுதான். இந்திய தர நிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி உண்டு. உங்கள் 480-ல் பயப்பட ஒன்றுமில்லை. பாத்திரத்தில் படிவது சுண்ணாம்புச் சத்து. எலுமிச்சைத் தோலால் தேய்த்தால் போய்விடும். கிட்னிக் கல்லுக்கு உப்புத் தண்ணீரைவிட, தண்ணீரே குடிக்காமல் இருப்பதுதான் பெரிய காரணம். பெங்களூர்க் குளிரில் தாகம் தெரியாமல் ஒரு நாளைக்கு நாலு டம்ளரோடு நிறுத்திக்கொள்பவர்கள் இங்கே ஏராளம்.

டி.டி.எஸ். மீட்டருக்கு வயிற்றுப்போக்குக் கிருமியைப் பார்க்கத் தெரியாது. சாக்கடை கலந்த தண்ணீரும் நல்ல தண்ணீரும் அதில் ஒரே எண்ணைக் காட்டலாம். காவிரித் தண்ணீர் தொரேகாடனஹள்ளியில் சுத்திகரிக்கப்பட்டு, குளோரின் போட்டு, சுமார் 100 கிலோமீட்டர் தூரமும் அரை கிலோமீட்டர் உயரமும் ஏறி வருகிறது. அப்படி வந்த தண்ணீர் பெரும்பாலும் கெடுவது கடைசி இருபது அடியில். ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடுவதால் இடையில் குழாய் காலியாக இருக்கும். தெருவில் பக்கத்திலேயே சாக்கடைக் குழாய் ஓடுகிறது. பழைய இரும்புக் குழாயில் துருப்பிடித்த ஓட்டை இருந்தால், அழுத்தம் இல்லாத நேரத்தில் வெளியிலிருக்கும் கசிவு உள்ளே இழுக்கப்படும். அதனால்தான் தண்ணீர் விட்டதும் முதலில் கலங்கலாக வருகிறது. அந்த முதல் சில நிமிடத் தண்ணீரைச் சம்ப்பில் விடாதீர்கள், வாசல் தெளிக்கப் பிடித்துவையுங்கள். நாற்றமும் இருந்தால் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

அப்புறம் சம்ப். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய வீடுகளில் சம்ப்புக்கும் சாக்கடைச் சேம்பருக்கும் நடுவே நாலைந்து அடிதான் இருக்கும். சேம்பர் இருக்கிற பக்கத்துச் சுவரில் ஈரக்கோடு, வெடிப்பு, நுழைந்த வேர், கரப்பான் எச்சம் ஏதாவது தெரிகிறதா? தெரியாவிட்டாலும் ஒரு சோதனை செய்யுங்கள். சம்ப் நிறைந்த ஒரு ராத்திரி மோட்டாரும் போடாமல், தண்ணீரும் விடாமல், நீர்மட்டத்தில் ஆணியால் கீறி வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் கசிவு இருக்கிறது. வெளியே போக வழியிருந்தால் உள்ளே வரவும் வழி உண்டு. தண்ணீரே விடாமல் மட்டம் ஏறியிருந்தால், அன்றைக்கே அந்தத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்துங்கள். ஆர்.ஓ.வுக்கு வைத்திருக்கும் பணத்தில் கீஸரை மாற்றியது போக மிச்சம் இருந்தால், கொத்தனாரைக் கூப்பிட்டு சம்ப்பைப் பூசுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழுவிய பின்பும், லாரித் தண்ணீர் விட்ட பின்பும் பிளீச்சிங் பவுடர் போடலாம். 1000 லிட்டருக்கு 2.5 கிராம், கிட்டத்தட்ட அரை டீஸ்பூன். வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விடுங்கள். பாக்கெட் புதிதாக இருக்கவேண்டும். திறந்து கிடந்த பவுடரில் வீரியம் இருக்காது.

காய்ச்சினால் போதுமா? கிருமிக்குத் தாராளமாகப் போதும். பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். அதுவே கிருமியைக் கொல்லப் போதும். தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம் விட்டு, அதே பாத்திரத்திலேயே மூடி ஆறவையுங்கள். காய்ச்சிய தண்ணீரைக் கழுவாத குடத்தில் ஊற்றி, அதில் கையோடு சொம்பை விட்டு மொள்வதில்தான் பாதி வீடுகளில் காரியம் கெடுகிறது. குழாய் வைத்த பாத்திரம் நல்லது.

காய்ச்சுவதால் போகாதவையும் உண்டு. லாரித் தண்ணீர் பெரும்பாலும் போர்வெல் தண்ணீர். அதில் நைட்ரேட்டோ ஃபுளோரைடோ இருந்தால் காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் வற்றி அவற்றின் அடர்த்தி கூடத்தான் செய்யும். வழக்கமாக வரும் லாரித் தண்ணீரில் ஒரு பாட்டில் எடுத்து ஆய்வகத்தில் கொடுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல், அல்லது ஃபுளோரைடு 1.5-க்கு மேல் இருந்தால் ஆர்.ஓ. வாங்குவதில் நியாயம் இருக்கிறது. இல்லையென்றால் உங்களுக்கு அது தேவையில்லை. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கொட்டுகிற இயந்திரம் அது, அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வருகிற தெருவில்.

வீடு பழையது என்பதால் ஒன்றிரண்டு சேர்த்துச் சொல்கிறேன். ஜன்னல், கதவில் உரிந்து வரும் பழைய ஆயில் பெயின்ட்டில் காரீயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் அதை 90 பி.பி.எம்.முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்குக்குள்) கட்டுப்படுத்தும் விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். காய்ந்தபடி சுரண்டாதீர்கள், நனைத்துச் சுரண்டுங்கள். அந்த நாட்களில் பையன் வேறு வீட்டில் இருக்கட்டும். தரையைப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. மாமியாருடைய பழைய ஈயச் சொம்பு சுத்த வெள்ளீயமாக இருந்தால் ரசம் வைக்கலாம். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் புதியதில் காரீயக் கலப்பு இருக்கக்கூடும், புளி பட்டால் அது கரையும்; வேண்டாம். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட் கூரை இருந்தால் உடையாதவரை தொடாதீர்கள், துளை போடாதீர்கள்.

கடைசியாகப் பையன். வீட்டில் எல்லோரும் ஒரே தண்ணீரைக் குடித்து அவனுக்கு மட்டும் மாதாமாதம் போகிறது என்றால், தண்ணீர் மட்டும்தான் காரணம் என்று முடிவு கட்டவேண்டாம். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி, பூச்சி, பள்ளிக்கூட வாசல் பானிபூரி, கை கழுவாத பழக்கம் என்று வேறு பலவும் இருக்கலாம். குழந்தை மருத்துவரிடம் மலப் பரிசோதனைக்குக் கேளுங்கள். பெயின்ட் உரிகிற வீடு என்று சொல்லி ரத்தத்தில் காரீய அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடவேண்டும். அடுத்த முறை வயிற்றுப்போக்கு வரும்போது, ஒரு லிட்டர் பாக்கெட் ஓ.ஆர்.எஸ். என்றால் முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரையுங்கள், டம்ளர் டம்ளராகப் பிரித்துப் போடாதீர்கள். கூடவே மருத்துவர் சொல்படி தினம் 20 மில்லிகிராம் துத்தநாகம், 14 நாள். போக்கு நின்றதும் பாதியில் விடக்கூடாது. மலத்தில் ரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, கண் குழிந்து சோர்ந்து கிடப்பது, இதில் எது தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். மருத்துவரிடம் போகும்போது அவனுடைய கடந்த ஒரு வருட எடைக் குறிப்பையும் எடுத்துப் போங்கள். எடை ஏறவில்லை என்றால் அவர் பார்க்கவேண்டியது இன்னும் நிறைய இருக்கும்.