மொட்டு விடும் நேரத்தில் அலங்கார வெங்காயத்தின் இலைகள் மஞ்சளாகின்றன. நோயா? பிடுங்கிவிடலாமா?

தயவுசெய்து பிடுங்காதீர்கள். தண்டு நன்றாக எழும்பி, மொட்டும் தெரிந்து, இலைகள் மட்டும் நுனியிலிருந்து காய்கின்றன என்றால் அது நோயாக இருக்க வாய்ப்பு குறைவு. நான் வளர்ப்பது அல்லியம் கிறிஸ்டோஃபி என்ற அலங்கார வெங்காய வகை. பாரசீக நட்சத்திரம் என்றும் சொல்வார்கள். ஈரான், துர்க்மெனிஸ்தான் பக்கத்துச் செடி. அங்கே வசந்தத்தில்தான் ஈரம், அப்புறம் வறண்ட கோடை. அதனால் இலைகள் சீக்கிரமே உணவைக் கிழங்குக்குள் இறக்கிவிட்டு, பூ விரியும் சமயத்தில் காயத் தொடங்கிவிடும்.

எனக்கும் இதே சந்தேகம் வந்தது. ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு பூச்சிமருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் "பூஞ்சை" என்று சொல்லி ஒரு புட்டியை எடுத்து வைத்தார். மனசு ஒப்பவில்லை, வாங்காமல் வந்துவிட்டேன். செடியின் ஓரமாக மண்ணை விரலால் விலக்கி, கிழங்கை அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. மண்ணை மூடிவிட்டு அப்படியே விட்டேன். இலைகள் வாடித் தரையில் கிடக்க, மேலே ஒரு சாண் அகலத்துக்குப் பூப்பந்து! ஒவ்வொரு காம்பின் நுனியிலும் ஆறு முனை நட்சத்திரம், அதன் நடுவே பச்சை மணி. வெயில் பட்டால் அந்த ஊதா நிறத்தில் உலோகப் பளபளப்பு தெரியும்.

எல்லா மஞ்சளும் இயல்பு என்று நான் சொல்லவில்லை, அனுபவசாலிகள் சண்டைக்கு வர வேண்டாம். கிழங்கு கொழகொழத்து, அடியில் வெள்ளைப் பஞ்சும் கசகசா அளவில் கறுப்பு மணிகளும் இருந்தால் அது வெள்ளை அழுகல் என்ற பூஞ்சை நோய். அந்தச் செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு சேர்த்து அகற்றத்தான் வேண்டும். அந்த இடத்தில் வெங்காயமோ பூண்டோ பல வருடங்களுக்கு நடக்கூடாது.

இந்தக் கடைகள் மேல் எனக்கு ஆத்திரம் தீரவே இல்லை. ரோஜாவுக்குப் போனாலும் தக்காளிக்குப் போனாலும் உடனே ஒரு புட்டி. எப்போது நட்டீர்கள், தண்ணீர் தேங்குகிறதா என்று ஒரு கேள்வி கிடையாது. தெரியாது என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

சரி, உங்கள் செடிக்கு வருகிறேன். இலைகள் முழுதாகக் காயும்வரை வெட்டாதீர்கள், அடுத்த வருடப் பூவுக்கான உணவு அதில்தான் இருக்கிறது. பார்க்க அசிங்கமாகத் தெரிந்தால் முன்னால் குட்டைச் செடி ஏதாவது வையுங்கள். பூ முடிந்ததும் தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். கோடையில் ஈரம் நின்றால் கிழங்கு அழுகிவிடும்.