சட்டப் புத்தகத்தில் யூதர்: பிரிட்டிஷ் நாடாளுமன்றமும் யூத சமூகமும் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வடமேற்கு லண்டனில் தமிழ்க் குடும்பங்களும் யூதக் குடும்பங்களும் அடுத்தடுத்த தெருக்களிலும், சில இடங்களில் அடுத்தடுத்த வீடுகளிலும் வாழ்கின்றன. அப்படி அண்டை வீட்டாராக இருப்பதால் எழுந்த கேள்விகளே இவற்றில் பெரும்பாலானவை. சட்ட விவரங்கள் இங்கிலாந்தையும் வேல்ஸையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை.

தேர்தலில் வென்ற யூதர் ஒருவர் 11 ஆண்டுகள் நாடாளுமன்றத்தில் உட்கார முடியாமல் இருந்தார் என்று படித்தேன். எந்தச் சட்டம் அவரைத் தடுத்தது?

யூதர்கள் உறுப்பினராகக் கூடாது என்று பெயர் சொல்லித் தடுத்த சட்டம் எதுவும் இருக்கவில்லை. பதவியேற்கும் ஒவ்வொருவரும் எடுக்க வேண்டிய உறுதிமொழியின் கடைசியில் இருந்த "ஒரு கிறிஸ்தவனின் மெய்யான விசுவாசத்தின் பேரில்" என்ற சொற்களே தடையாக நின்றன. லயனல் டி ராத்சைல்டு 1847-இல் லண்டன் மாநகரத் தொகுதியில் வென்றார். 1850-இல் அவைக்கு வந்து, பழைய ஏற்பாட்டின் மீது உறுதிமொழி எடுக்க அனுமதி பெற்று, அந்தச் சொற்களை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னார். அதனால் அவையை விட்டு வெளியேறும்படி ஆனது. அடுத்த ஆண்டு கிரீனிச் தொகுதியில் வென்ற டேவிட் சாலமன்ஸ், அச்சொற்களைச் சொல்லாமலேயே இருக்கையில் அமர்ந்து வாக்கெடுப்பிலும் கலந்துகொண்டார். அதற்காக நீதிமன்றம் அவருக்கு 500 பவுண்ட் அபராதம் விதித்தது.

தடையை நீக்கும் மசோதாவைக் காமன்ஸ் சபை திரும்பத் திரும்ப நிறைவேற்றியது. பிரபுக்கள் சபை அதைத் திரும்பத் திரும்பத் தோற்கடித்தது. லண்டன் மாநகர வாக்காளர்களோ, அவைக்குள் உட்காரவே முடியாத அந்த மனிதரை மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். இந்த வரலாற்றில் என்னை மிகவும் நெகிழ வைப்பது அந்த வாக்காளர்களின் பிடிவாதம்தான். 1858-இல் ஒரு சமரசம் ஏற்பட்டது: ஒவ்வொரு சபையும் தன் தீர்மானத்தின் மூலம் தனக்கான உறுதிமொழியை மாற்றிக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தது. அந்த ஆண்டு ஜூலை 26 அன்று ராத்சைல்டு தலையில் தொப்பியோடு நின்று உறுதிமொழி எடுத்தார். அவையின் வழக்கப்படி உறுதிமொழி எடுப்பவர் தொப்பியைக் கழற்ற வேண்டும். யூத வழக்கப்படி கடவுளின் பெயரைச் சொல்பவர் தலையை மூடியிருக்க வேண்டும். அன்று அவை தன் வழக்கத்தை விட்டுக் கொடுத்தது.

அப்போது காமன்ஸ் சபையில் அரசுத் தரப்பின் தலைவராக இருந்த டிஸ்ரேலியும் யூதக் குடும்பத்தில் பிறந்தவர்தானே என்று இதே வாசகர் கேட்டிருக்கிறார். ஆம். ஆனால் அவர் 12 வயதில் ஞானஸ்நானம் பெற்றவர். அதனால் அந்த உறுதிமொழி அவருக்குத் தடையாக இருக்கவில்லை. இருந்தும் 1847-இல் தன் கட்சியில் பெரும்பாலோர் எதிர்த்த நிலையில் யூதர்களுக்கு ஆதரவாகப் பேசி வாக்களித்தார்.

இன்று நடைமுறையில் உள்ள 1978-ஆம் ஆண்டின் உறுதிமொழிச் சட்டம், உறுதிமொழி எடுப்பவர் புதிய ஏற்பாட்டையோ, "யூதராக இருந்தால் பழைய ஏற்பாட்டையோ" உயர்த்திய கையில் பிடித்திருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

யூதர்களின் சார்பில் அரசிடம் பேசுவது யார்? தலைமை ரப்பிக்கு, அதாவது யூதத் தலைமை மதகுருவுக்கு, நாடாளுமன்றத்தில் இடம் உண்டா?

பிரிட்டிஷ் யூதர் பிரதிநிதிகள் வாரியம் 1760-இல் தோன்றியது. மூன்றாம் ஜார்ஜ் அரியணை ஏறியபோது, ஸ்பெயின், போர்ச்சுக்கல் வழிவந்த யூதர்களின் சபை அரசருக்கு வாழ்த்துத் தெரிவிக்கச் சில பிரதிநிதிகளை நியமித்ததுதான் தொடக்கம். ஜெர்மனி, கிழக்கு ஐரோப்பா வழிவந்தவர்கள் பிறகு அதனுடன் இணைந்தார்கள். ஜெப ஆலயங்கள் எனப்படும் யூத வழிபாட்டுத் தலங்களும் சமூக அமைப்புகளும் தேர்ந்தெடுத்து அனுப்பும் பிரதிநிதிகள் இன்று அதில் இருக்கிறார்கள்.

அதன் குரலை ஒட்டுமொத்த யூதர்களின் குரலாக எடுத்துக்கொள்வது சரியல்ல. ஸ்டாம்ஃபோர்டு ஹில் போன்ற இடங்களில் வாழும் மிகக் கடுமையான ஆசார யூதர்களின் கூட்டமைப்பு 1971-இலேயே வாரியத்திலிருந்து விலகிவிட்டது. சீர்திருத்தப் பிரிவினர், தாராளவாதப் பிரிவினர், எந்த ஜெப ஆலயத்திலும் உறுப்பினராக இல்லாதவர்கள் என்று பலரும் உண்டு. நம் சங்கங்களின் கடிதத் தலைப்பை வைத்து எல்லாத் தமிழரின் கருத்தையும் முடிவு செய்யக் கூடாது என்று நாம் சொல்வதில்லையா? இங்கும் அப்படித்தான்.

இங்கிலாந்துத் திருச்சபையின் பேராயர்களும் ஆயர்களுமாக 26 பேர் பதவியின் காரணமாகவே பிரபுக்கள் சபையில் அமர்கிறார்கள். தலைமை ரப்பிக்கு அப்படிப்பட்ட உரிமை இல்லை. தலைமை ரப்பிகளான இமானுவேல் ஜாகோபோவிட்ஸ் 1988-இலும் ஜோனதன் சாக்ஸ் 2009-இலும் தனிப்பட்ட முறையில் பிரபுப் பட்டம் பெற்றே அங்கு அமர்ந்தார்கள்.

கோயிலில் திருமணம் நடத்த எங்களிடம் பதிவுபெற்ற கட்டடமா என்று கேட்டார்கள். என் யூதத் தோழியின் திருமணமோ தோட்டத்தில் பந்தல் போட்டு நடந்தது. இது எப்படிச் சாத்தியம்?

வேர் 1753-இல் இருக்கிறது. திருமணங்கள் ஆங்கிலிக்கன் தேவாலயத்தில்தான் நடக்க வேண்டும் என்று விதித்த அந்த ஆண்டின் சட்டம், குவேக்கர்கள் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவினரையும் யூதர்களையும் மட்டும் விலக்கியது. அந்த விலக்கு வழிவழியாக வந்து, இன்றைய 1949-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தில், யூத மதத்தைச் சேர்ந்த இருவர் யூதர்களின் வழக்கப்படி செய்துகொள்ளும் திருமணம் என்ற தனிப் பிரிவாக நிற்கிறது. அதனால் ஹுப்பா எனப்படும் அந்தப் பந்தலைத் தோட்டத்திலும் நடலாம், மண்டபத்திலும் நடலாம். பதிவைக் கவனிப்பவர் ஜெப ஆலயத்தின் செயலாளர். அவரைப் பதிவுத் துறைக்குச் சான்றளிக்கும் அதிகாரம் சட்டப்படி பிரதிநிதிகள் வாரியத்தின் தலைவருக்கு உண்டு. ஆனாலும் மணமக்கள் இருவரும் பதிவு அலுவலகத்தில் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்துக் காத்திருக்கத்தான் வேண்டும்.

இந்து, முஸ்லிம், சீக்கியத் திருமணங்களுக்குக் கட்டடப் பதிவு தேவைப்படுவது நியாயமற்ற வேறுபாடு என்பது என் கருத்து. கட்டடத்தை வைத்து அல்லாமல், திருமணத்தை நடத்தி வைப்பவரை வைத்து முறைப்படுத்த வேண்டும் என்று சட்ட ஆணையம் 2022-இல் பரிந்துரைத்திருக்கிறது. அந்தப் பரிந்துரை சட்டமாக வேண்டும் என்று உங்கள் தொகுதி உறுப்பினருக்கு நீங்கள் எழுதலாம்.

"கெட்" என்றால் என்ன? குடும்ப நீதிமன்றம் ஏன் ஒரு மதச் சடங்கைப் பற்றிக் கவலைப்படுகிறது?

கெட் என்பது யூத மணமுறிவுப் பத்திரம். எழுத்தர் ஒருவர் அதைக் கையால் 12 வரிகளில் எழுத, கணவர் தன் விருப்பத்தோடு மனைவியின் கையில் தர வேண்டும், மனைவியும் ஏற்க வேண்டும். நீதிமன்றம் விவாகரத்து வழங்கிவிட்டாலும், கெட் கிடைக்காத பெண் மத நெறிப்படி மணமானவளாகவே இருக்கிறாள். அவளை "அகுனா", அதாவது கட்டுண்டவள், என்பார்கள். அவள் மறுமணம் செய்தால், பிறக்கும் குழந்தைகளும் ஆசார யூதச் சமூகத்துக்குள் மணம் செய்துகொள்வதில் கடும் தடையைச் சந்திப்பார்கள். கெட் மறுக்கப்பட்ட ஆணுக்கும் சிக்கல் உண்டு என்றாலும் விளைவு அவ்வளவு கொடியதல்ல. இந்த ஏற்றத்தாழ்வுதான் சில கணவர்களின் கையில் ஆயுதமாகிறது: பணம் கேட்பது, வீட்டில் பங்கை விட்டுக் கொடுக்கச் சொல்வது, குழந்தைகளை விட்டுக் கொடுக்கச் சொல்வது.

நாடாளுமன்றம் 2002-இல் ஒரு சிறிய சட்டம் இயற்றியது. அதன்படி, யூத வழக்கப்படி மணந்த தம்பதியரில் ஒருவர் கோரினால், மத வழியிலான மணமுறிவுக்குத் தேவையானவற்றை இருவரும் செய்துவிட்டதாக அறிவிக்கும் வரை நீதிமன்றம் விவாகரத்தின் இறுதி ஆணையை நிறுத்தி வைக்கலாம். இதில் பெண்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இறுதி ஆணை வந்துவிட்டால் இந்த வழி மூடிக்கொள்ளும். ஆகவே வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே கெட் பற்றிச் சொல்லிவிட வேண்டும். உரிமையியல் விவாகரத்தில் கணவருக்கு அக்கறையே இல்லாவிட்டால் இந்தச் சட்டத்தால் பயன் குறைவு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தக் குறையைக் குடும்ப வன்முறைச் சட்டம் ஓரளவு நிரப்புகிறது. 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வெளியான அரசு வழிகாட்டுதல், கெட் மறுப்பதும் துன்புறுத்தலின் ஒரு வடிவமாகலாம் என்கிறது. 2022-இல், மனைவிக்குக் கெட் மறுத்த ஒருவர் கட்டுப்படுத்தி வதைத்த குற்றத்துக்காக 18 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். ஆனால் வற்புறுத்திப் பெற்ற கெட் யூத நெறிப்படி செல்லாது என்பதால், குற்றவியல் நடவடிக்கை எங்கே நின்று மத நீதிமன்றம் எங்கே தொடங்க வேண்டும் என்பதை இரு தரப்பும் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. நாடாளுமன்றத்தால் கெட் எழுத முடியாது; மறுப்பதால் கிடைக்கும் ஆதாயத்தைக் குறைக்க மட்டுமே முடியும்.

அண்டை வீட்டு யூத முதியவர் காலமான மறுநாளே அடக்கம் நடந்தது. எங்கள் அப்பாவின் உடல் கிடைக்க எங்களுக்குப் பல நாட்கள் ஆயிற்று. அவர்களுக்குத் தனிச் சட்டம் உண்டா?

தனிச் சட்டம் இல்லை. உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. மரண விசாரணை அதிகாரியிடம் செல்லாத மரணமாக இருந்து, மருத்துவரின் சான்றிதழும் பதிவும் உடனே கிடைத்துவிட்டால் யாரும் மறுநாளே இறுதிச் சடங்கு செய்யலாம். யூத சமூகத்தில் இதற்கென்றே அடக்கச் சங்கங்கள் இருப்பதால், அலுவலகக் கதவு திறக்கும் நேரத்தில் அங்கே ஒருவர் நிற்கிறார். 2024 செப்டம்பர் முதல், விசாரணை அதிகாரியிடம் செல்லாத எல்லா மரணங்களையும் மருத்துவப் பரிசோதகர் ஒருவர் பார்த்த பிறகே பதிவு செய்ய முடியும். எனவே, விரைவு தேவை என்பதை மருத்துவமனையில் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

விசாரணை அதிகாரியிடம் செல்லும் மரணங்களில் 2018-ஆம் ஆண்டின் தீர்ப்பு முக்கியமானது. மத காரணத்துக்காக எந்த மரணத்துக்கும் முன்னுரிமை தருவதில்லை, வந்த வரிசைப்படியே பார்ப்போம் என்ற ஒரு லண்டன் வட்டாரத்தின் கொள்கையை எதிர்த்து யூத அடக்கச் சங்கம் ஒன்று வழக்குத் தொடுத்தது. அப்படி முன்கூட்டியே கதவை அடைத்துவிடுவது சட்ட விரோதம் என்று உயர் நீதிமன்றம் கூறியது. குடும்பம் கேட்டவுடன் முதலிடம் தர வேண்டும் என்று தீர்ப்பு சொல்லவில்லை. கேட்டதை அதிகாரி திறந்த மனத்தோடு பரிசீலிக்க வேண்டும் என்றே சொல்கிறது. அந்தப் பரிசீலனையை முஸ்லிம்களும் நாமும் கேட்கலாம். காரணத்தை எழுத்தில் கொடுங்கள்.

கோஷர் (யூத உணவு நெறிப்படியான) இறைச்சிக்கான அறுப்பைத் தடை செய்யும்படி மனுக்கள் வருகின்றன. தடை வருமா?

நாடாளுமன்றத்தின் இணையவழி மனு 10,000 கையொப்பம் பெற்றால் அரசு பதில் தரும். 100,000 பெற்றால் விவாதத்துக்குப் பரிசீலிக்கப்படும். விவாதம் நடந்தாலே சட்டம் மாறிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அதன் முடிவு அரசைக் கட்டுப்படுத்தாது. விலங்கை மயக்கிய பிறகே அறுக்க வேண்டும் என்ற விதி 1933-இல் வந்தபோதே யூத, முஸ்லிம் முறைகளுக்கு விலக்கு தரப்பட்டது. இங்கிலாந்தில் இன்று நடப்பிலிருக்கும் 2015-ஆம் ஆண்டு விதிகளும் அதைத் தொடர்கின்றன. ஆனால் கட்டுப்பாடுகள் உண்டு. யூத முறையில் அறுப்பவருக்குத் தலைமை ரப்பி தலைமையிலான ஆணையத்தின் உரிமம் வேண்டும். அறுத்த பிறகு ஆட்டை 20 வினாடிகளும் மாட்டை 30 வினாடிகளும் அசைக்கக் கூடாது. விலங்கின் வலி குறித்த கேள்வி உண்மையானது, மரியாதையோடு பேசப்பட வேண்டியது. அந்தப் பேச்சு வெறுப்புக்குப் போர்வையாகும்போது மட்டும் நாம் குரல் கொடுக்க வேண்டும்.

கென்டனில் எங்கள் வீட்டருகே உள்ள யூதப் பள்ளியின் சேர்க்கை வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதாமே?

ஆம், 2009 டிசம்பரில், ஐந்துக்கு நான்கு என்ற நூலிழைப் பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. ஜே.எஃப்.எஸ். எனப்படும் அப்பள்ளி 1732-இல் தொடங்கியது. தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளை யூதர் என்பது ஆசார நெறி. மதம் மாறிய ஒரு தாயின் மாற்றத்தைத் தலைமை ரப்பியின் அலுவலகம் ஏற்காததால் மகனுக்கு இடம் மறுக்கப்பட்டது. தாய்வழியைப் பார்ப்பது இனத்தோற்றத்தைப் பார்ப்பதே என்பதால், 1976-ஆம் ஆண்டு இன உறவுகள் சட்டப்படி அது பாகுபாடு என்றது பெரும்பான்மை. பள்ளி ஒழுக்கக்கேடாக நடந்தது என்று யாரும் சொல்லவில்லை என்பதை நீதிபதிகளே வலியுறுத்தினார்கள்.

இந்தத் தீர்ப்பை நான் இன்னும் முழு மனத்தோடு ஏற்கவில்லை. யூதர்களையும், 1983-ஆம் ஆண்டின் தலைப்பாகை வழக்குக்குப் பிறகு சீக்கியர்களையும், இனக் குழுவாகக் கருதியதால்தான் சட்டம் அவர்களைக் காத்தது. அதே கருத்து இங்கே ஒரு சமூகம் தன்னைத் தானே வரையறுக்கும் உரிமைக்கு எதிராகத் திரும்பியது. பள்ளியோ, ஜெப ஆலயத்துக்கு வருவது போன்ற மதக் கடைப்பிடிப்பை அளவாகக் கொண்டு தன் விதியை மாற்றிக்கொண்டது.

ஜெப ஆலய வாசலில் காவலர்கள் நிற்பதற்கு அரசு பணம் தருகிறதா?

தருகிறது. ஜெப ஆலயங்களுக்கும் யூதப் பள்ளிகளுக்கும் காவல் ஏற்பாடு செய்ய 2015 முதல் உள்துறை மானியம் தருகிறது. சமூகத்தின் சொந்தப் பாதுகாப்பு அறக்கட்டளை அதை நிர்வகிக்கிறது. 2025 அக்டோபர் 2, யூதர்களின் மிகப் புனிதமான நோன்பு நாளான யோம் கிப்பூர் அன்று, மான்செஸ்டர் ஹீட்டன் பார்க் ஜெப ஆலயத்தில் நடந்த தாக்குதலில் வழிபட வந்த இருவர் உயிரிழந்தார்கள். அந்தக் காவல் ஏன் என்று அதன் பிறகு யாரும் கேட்கத் தேவையில்லை.

கோல்டர்ஸ் கிரீன் பக்கம் உயரமான கம்பங்களுக்கிடையே மெல்லிய இழை ஒன்று செல்கிறது. அது எதற்கு, யார் அனுமதி?

அது ஏருவ். ஓய்வுநாளில் வீட்டுக்கு வெளியே பொருள் சுமப்பதும் குழந்தை வண்டி தள்ளுவதும் ஆசார யூதர்களுக்குத் தடை. சுற்றிலும் எல்லை வகுத்த பகுதி ஒரே வீடாகக் கருதப்படுவதால் அதற்குள் இவை ஆகும். பெரும்பாலும் ஏற்கனவே உள்ள சுவர்களும் வேலிகளும் ரயில் பாதைக் கரைகளுமே எல்லையாகின்றன. இடைவெளிகளில் மட்டும் கம்பமும், தூண்டில் நரம்பு போன்ற இழையும். அனுமதி தருவது உள்ளாட்சி மன்றத்தின் திட்டமிடல் பிரிவு. வடமேற்கு லண்டன் ஏருவ் விண்ணப்பம் 1990-களின் தொடக்கத்தில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 2003-இல்தான் அது பயன்பாட்டுக்கு வந்தது. குழந்தை வண்டியோடு வெளியே வர முடியாமல் சனிக்கிழமைதோறும் வீட்டுக்குள்ளேயே இருந்த இளம் தாய்மாரும், சக்கர நாற்காலியில் இருந்த முதியவர்களும் அதற்காகப் பத்தாண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். ஓர் இடத்தில் இழை அறுந்தாலும் ஏருவ் செல்லாது. அதனால் ஒவ்வொரு வாரமும் ஓய்வுநாள் தொடங்குவதற்கு முன் ஒருவர் எல்லை முழுவதையும் சுற்றிப் பார்த்து உறுதி செய்கிறார்.