கேள்வி-பதில்: மாட்ஸ், ராக்கர்ஸ், ஒரு புல்லட்

கேள்வி: 1964-ல் பிரிட்டன் கடற்கரைகளில் மாட்ஸ், ராக்கர்ஸ் என்று இரண்டு மோட்டார்சைக்கிள் கும்பல்கள் மோதிக்கொண்டனவே, கடைசியில் ஜெயித்தது யார்? 'கஃபே ரேசர்' அவர்கள் கண்டுபிடிப்புதானா? என் பையன் புல்லட்டை அப்படி மாற்றியே தீருவேன் என்கிறான். — வாசகர், ஈரோடு.

பதில்: ராக்கர்ஸ் பைக் கட்சி, மாட்ஸ் ஸ்கூட்டர் கட்சி. கஃபே வாசலில் பறப்பதற்காக ராக்கர்கள் ஹேண்டிலைத் தாழ்த்தி மாற்றிய பைக்தான் கஃபே ரேசர். அதனால் கஃபேயிலிருந்தே ஆரம்பிப்போம். நம் ஊரில் இன்று கஃபே என்றால் ஏசி, சோபா, முந்நூறு ரூபாய்க்கு நுரை. ராக்கர்கள் கூடிய ஏஸ் கஃபே, லண்டன் நார்த் சர்குலர் சாலையில் 1938-ல் லாரி டிரைவர்களுக்காகத் திறந்த கடை. போரில் குண்டு விழுந்து, 1949-ல் திரும்பக் கட்டினார்கள். ராத்திரி முழுக்க டீ கிடைக்கும், ஜூக்பாக்ஸ் பாடும், வாசலில் அகலமான சாலை. பிரிட்டனில் 1965 டிசம்பர் வரை ஊருக்கு வெளியே பொது வேக வரம்பே கிடையாது. 1959-ல் திறந்த எம்1 நெடுஞ்சாலையிலும் இல்லை. கட்டாய ராணுவச் சேவைக்கு ஆள் எடுப்பதும் 1960-ஓடு நின்றது. பையன் கையில் சம்பளம், பைக்கைத் தவணையில் தரக் கடைக்காரர் தயார், சாலையில் கேட்பார் இல்லை. மீதியை உங்கள் வீட்டிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஜூக்பாக்ஸில் காசைப் போட்டு, பாட்டு முடிவதற்குள் ரவுண்டானா வரை போய்த் திரும்பும் பந்தயக் கதையை எல்லோரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போமா? அந்தக் காலப் பாட்டு பெரும்பாலும் இரண்டரை நிமிஷம். மணிக்கு நூறு மைல், அதாவது 161 கிலோமீட்டர் வேகத்தில், துளியும் குறையாமல் பறந்தாலும் அதற்குள் கடக்க முடிந்தது 6.7 கிலோமீட்டர். இதில் மேஜையிலிருந்து எழுந்து ஓட வேண்டும், உதைக்க வேண்டும், ரவுண்டானாவில் வேகம் குறைத்துச் சாய வேண்டும், திரும்பி வந்து கதவைத் தள்ள வேண்டும். பிஎஸ்ஏ கோல்டு ஸ்டார் வைத்திருந்தவனுக்குப் பல்லவி, அனுபல்லவி இரண்டும் உதைப்பதிலேயே போயிருக்கும். 500 சிசி ஒற்றை சிலிண்டர் அது. இக்னிஷனை, அதாவது பொறி விழும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளி, பிஸ்டனைக் கம்ப்ரஷன் தாண்டும்வரை மெல்ல நகர்த்தி, அதற்கப்புறம்தான் முழு உதை. பொறியை முன்னுக்கே, அட்வான்ஸிலேயே, விட்டு உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கும். ஸ்டார்ட் ஆனாலும் நிம்மதி இல்லை. கோல்டு ஸ்டாரின் டிபிடி34 மாடலில் வந்த அமால் ஜிபி கார்புரேட்டருக்கு ஐட்லிங் ஏற்பாடே கிடையாது. நின்ற இடத்தில் த்ராட்டிலை முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ரேஸ் கியர்பாக்ஸ் போட்டதில் முதல் கியர் எட்டாத உயரம். மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வரும்வரை கிளட்சை நழுவவிட்டே ஓட்டணும். இத்தனையும் முடிப்பதற்குள் அடுத்தவன் அடுத்த பாட்டுக்குக் காசு போட்டிருப்பான்.

ராக்கர் என்றால் எல்லோருக்கும் தோல் ஜாக்கெட் ஞாபகம் வரும். எனக்கு டிரைட்டன்தான். நார்ட்டன் ஃப்ரேமில் டிரையம்ஃப் எஞ்சின். நார்ட்டனின் ஃபெதர்பெட் ஃப்ரேம் 1950-ல் பந்தயத்துக்கு வந்தது. வளைவில் அதை அசைக்க ஆளில்லை. டிரையம்ஃபின் 650 இரட்டை சிலிண்டருக்கு வேகம் ஏற்றுவது சுலபம், ஆனால் அதன் சொந்த ஃப்ரேம் வேகத்தில் நெளியும். கார் பந்தயக்காரர்கள் செய்த ஒரு புண்ணியமும் இதில் உண்டு. 500 சிசி ஃபார்முலா 3 கார்களுக்கு நார்ட்டனின் பந்தய பைக்கான மாங்க்ஸின் எஞ்சின் வேண்டும். கம்பெனி எஞ்சினை மட்டும் விற்காது. முழு பைக்கையும் வாங்கி எஞ்சினைக் கழற்றிக்கொண்டு ஃப்ரேமை ஓரம் கட்டினார்கள். அப்படி மிஞ்சிய ஃபெதர்பெட் ஃப்ரேம்கள் இந்தப் பையன்களுக்கு வாய்த்தன.

சேர்க்கும் வேலையில்தான் கை தெரியும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பிடிக்க கால் அங்குல அலுமினியத் தகடு வெட்ட வேண்டும். எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் பிரைமரி செயின், பின் சக்கரத்துக்குப் போகும் பின் செயின் இரண்டும் நூல் பிடித்தது போல நேராக ஓட வேண்டும். கொஞ்சம் விலகினாலும் ஸ்ப்ராக்கெட் பல் ஒரு பக்கமாகத் தேயும். சிலிண்டர் ஹெட்டை ஃப்ரேமோடு இழுத்துக் கட்டும் ஹெட் ஸ்டெடியை 'அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டவன் முதல் மாதமே தகட்டில் விரிசலைப் பார்ப்பான், பிறகு எண்ணெய் டாங்க் தாங்கிகளில். இரண்டு பிஸ்டனும் சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்கும் எஞ்சின். அதிர்வுக்குக் கேட்கவா வேண்டும்? கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நுரைத்து, உயர் வேகத்தில் கலவையில் பெட்ரோல் குறைந்து, பிஸ்டன் உருகும். மிதவைக் கிண்ணத்தைத் தனியாக ரப்பரில் தொங்கவிட்டது அதனால்தான். வால்வுகளுக்கு மேலிருக்கும் டேப்பெட் மூடிகள் தானாகக் கழன்று சாலையில் உருளும்; கம்பி போட்டுக் கட்டினார்கள்.

மாட்ஸ் பக்கம் அதிகம் எழுத எனக்கு மனசில்லை. இந்தப் பத்திரிகையின் ஸ்கூட்டர் கட்சி மறுபடி கடிதம் எழுதட்டும், பழகிவிட்டது. லாம்ப்ரெட்டா, வெஸ்பா இரண்டுமே நல்ல வண்டிகள்தான். அளவெடுத்துத் தைத்த சூட்டில் கிரீஸ் படாமல் போக மூடிய எஞ்சினும், கால் மறைக்கும் முன் தகடும் வசதி. மழைக்கும் அழுக்குக்கும் மேலே அமெரிக்க ராணுவத்தின் எம்-51 பார்க்கா கோட்டு. அதுவரை சரி. முன்னால் குரோம் கம்பி பூட்டி, அதில் பத்துப் பன்னிரண்டு கண்ணாடி எதற்கு? எடை எல்லாம் ஹேண்டில் பக்கம் சேர்ந்து திருப்புவது கனக்கும், காற்று தடுக்கும், ஒற்றை சிலிண்டர் அதிர்வில் ஒரு கண்ணாடியிலும் பின்னால் வருவது தெளிவாகத் தெரியாது. கண்ணாடிக்குத் தந்த கவனத்தில் கால்வாசியைப் பெட்ரோலில் கலக்கும் எண்ணெய்க்குத் தந்திருக்கலாம்: கூடினால் பிளக் அடைக்கும், குறைந்தால் பிஸ்டன் பிடிக்கும்.

சரி, உங்கள் சண்டை. 1964 ஈஸ்டர், கிளாக்டன். குளிர், மழை, செய்வதற்கு ஒன்றுமில்லாத சின்ன ஊர். லண்டனிலிருந்து வந்த பையன்களில் பெரும்பாலோர் ஸ்கூட்டரிலும் வரவில்லை, பைக்கிலும் வரவில்லை, ரயிலில் வந்தார்கள். கைது 97 பேர். சேதம் ஏறக்குறைய 500 பவுண்டு. மறுநாள் பத்திரிகைகளில் 'பயங்கர நாள்', 'படையெடுப்பு'. தலைப்பு எழுதுகிறவர்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் சொல்லாதது இல்லை. அவர்களும் திருந்துவதாக இல்லை. அந்தத் தலைப்புகளைப் படித்துவிட்டு அடுத்த விடுமுறைக்கு மே மாதம் மார்கேட்டிலும் பிரைட்டனிலும் கூட்டம் கூடியது. பார்க்க வந்தவர்கள் வேறு. மார்கேட் மாஜிஸ்ட்ரேட் ஜார்ஜ் சிம்ப்சன், பிடிபட்ட பையன்களை 'மரத்தூள் சீசர்கள்', அதாவது வெத்துவேட்டுச் சக்கரவர்த்திகள், என்று திட்டி, ஒரு பையனுக்கு 75 பவுண்டு அபராதம் போட்டார். 'செக்காகத் தருகிறேன்' என்றான் அவன். இந்தத் தலைமுறையிடம் பணம் கொழிக்கிறது பாருங்கள் என்று பத்திரிகைகள் பொங்கின. அவனுக்கு வங்கிக் கணக்கே இல்லை, சும்மா சொன்னது! ஆகஸ்டில் ஹேஸ்டிங்ஸுக்குப் போலீஸை விமானத்தில் இறக்கினார்கள்.

அதற்கு இரண்டு வருஷம் முன்பே பில் ஷெர்கோல்டு என்ற பாதிரியார் தன் டிரையம்ஃபில் ஏஸ் கஃபேக்குப் போய், பைக்கோடு சர்ச்சுக்கு வாருங்கள் என்று ராக்கர்களை அழைத்துவிட்டார். ஹாக்னி விக்கில் அவர் நடத்திய 59 கிளப்பில் டேபிள் டென்னிஸும் காபியும் பேச ஆளும் இருந்தன.

யார் ஜெயித்தார் என்றால் தெரியாது ஐயா, ஸ்கோர் போர்டு இல்லை.

பையன் விஷயம் அவசரம். கற்றுக்குட்டிகள் 250 சிசிக்கு மேல் ஓட்டக் கூடாது என்று அங்கே சட்டம் வந்தபின், ராயல் என்ஃபீல்டு 1964 கடைசியில் 250 சிசி கான்டினென்டல் ஜிடியை இறக்கியது. தாழ்ந்த ஹேண்டில், ஐந்து கியர், ஷோரூமிலேயே தயார். அதே பெயரில் பிறகு சென்னையிலேயே செய்தார்கள். முடிந்தால் அதை வாங்கிக் கொடுங்கள். கார்புரேட்டரும் கிக்கரும் உள்ள பழைய புல்லட்தான் வேண்டும் என்றால், ஹேண்டிலை மட்டும் தாழ்த்தி ஃபுட்ரெஸ்ட்டைப் பழைய இடத்திலேயே விடுகிற மெக்கானிக்கிடம் போக வேண்டாம். உடம்பு எடை முழுக்க மணிக்கட்டில் இறங்கும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், லீவருக்கும் டாங்குக்கும் நடுவே விரல் நசுங்கக் கூடாது. ஏர்ஃபில்டர் பெட்டியைக் கழற்றிக் கூம்பு ஃபில்டர் போட்டால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டையும் பெரிதாக மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் கொதிக்கும். பின் மட்கார்டை வெட்டவே வேண்டாம். ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னுக்குத் தள்ளினால் கிக்கர் வந்து அதில் இடிக்கும். வலது பக்கத்துக்கு மடங்குகிற ஃபுட்ரெஸ்ட் இருக்கிறதா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.