மேய்ப்பர் வாய் திறக்கும்போது

கேள்வி: போர், அகதிகள், பொருளாதார ஏற்றத்தாழ்வு, பருவநிலை மாற்றம் என்று எதைப்பற்றியும் திருச்சபைத் தலைவர்கள் அறிக்கை வெளியிடுகிறார்கள். ஆத்துமாக்களை இரட்சிப்பின் வழியில் நடத்துவதுதானே அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை? "என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல" என்று ஆண்டவரே சொல்லியிருக்கும்போது சமூகப் பிரச்சினைகளில் சபை ஏன் தலையிட வேண்டும்? அண்மையில் இப்படியொரு அறிக்கை ஆராதனையில் வாசிக்கப்பட்டபோது, என்னைச் சுற்றி அமர்ந்திருந்தவர்களில் பலர் அதைக் கவனிக்கவே இல்லை.
— ஒரு வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் நீங்கள் வெளிப்படையாகக் கேட்டிருக்கும் கேள்வியை நான் மறுக்கிறேன். ஆனால் கடைசி வரியில் நீங்கள் போகிறபோக்கில் சொல்லியிருக்கும் வேதனை என்னுடையதும்தான். இரண்டையும் தனித்தனியாகவே பேச வேண்டும்.

நீங்கள் காட்டிய வசனத்தின் முற்பகுதியோடு நின்றுவிடாதீர்கள். யோவான் 18ஆம் அதிகாரத்தில் அந்த வார்த்தை ரோம ஆளுநரான பிலாத்துவுக்கு முன்பாக, மரண தண்டனைக்கான விசாரணையின் நடுவே சொல்லப்படுகிறது. தம்முடைய ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதாக இருந்திருந்தால் தம்முடைய ஊழியக்காரர் தமக்காகப் போராடியிருப்பார்கள் என்று ஆண்டவர் அதே மூச்சில் சொல்கிறார். அந்த ராஜ்யம் பட்டயத்தால் நிலைநாட்டப்படுவதில்லை என்பதே அங்கே பேசப்படும் பொருள். உலகத்தில் நடக்கும் அநீதி அந்த ராஜ்யத்துக்குச் சம்பந்தமில்லாதது என்று அதிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. உலகத்தைப்பற்றி அவருக்கு ஒன்றும் சொல்ல இல்லையென்றால் பிலாத்து அவரைப் பார்த்துப் பயந்திருக்க மாட்டான்.

ஆத்துமாவை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு வரலாற்றில் ஒரு சாட்சி உண்டு. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. 1701ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், சுவிசேஷத்தைப் பரப்புவதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. 1710இல் இறந்த கிறிஸ்டோபர் கோட்ரிங்டன் என்பவர் பார்படோஸ் தீவிலிருந்த தம்முடைய இரண்டு கரும்புத் தோட்டங்களை, அவற்றில் உழைத்துவந்த அடிமைகளோடு சேர்த்து, அந்தச் சங்கத்துக்கு எழுதிவைத்தார். சங்கம் அதை ஏற்றுக்கொண்டது. அடிமைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதைப்பற்றியும் வேதம் கற்பிப்பதைப்பற்றியும் அதன் ஆயர்கள் அக்கறையோடு பேசினார்கள். அதே காலத்தில் அந்தத் தோட்டத்தில் சிலருடைய மார்பில் 'சங்கம்' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடிடப்பட்டது. 1830களில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது சங்கத்துக்கு 8,000 பவுண்டுக்கு மேல் இழப்பீடு கிடைத்தது. விடுதலையானவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவை இதற்காக மன்னிப்புக் கேட்டது 2006ஆம் ஆண்டில்தான். அவர்களில் பலர் ஜெபிக்கிறவர்களாகவும் வேதத்தை வாசிக்கிறவர்களாகவும் இருந்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆத்துமாவையும் அது குடியிருக்கும் சரீரத்தையும் இரண்டு கணக்குப் புத்தகங்களில் எழுதியதுதான் அவர்கள் செய்த பிழை.

ஆதித் திருச்சபை அப்படி எழுதவில்லை. அப்போஸ்தலருடைய நடபடிகள் 6ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றாடப் பந்தி விசாரிப்பில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் புறக்கணிக்கப்பட்டார்கள் என்ற முறுமுறுப்பு எழுகிறது. மொழியின் பெயராலும் பிறப்பின் பெயராலும் சபைக்குள்ளேயே நேர்ந்த பாகுபாடு அது. வேதவசனத்தை விட்டுப் பந்திவிசாரிப்பது தகுதியல்ல என்று அப்போஸ்தலர்கள் சொன்னதை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் அந்த வேலையைத் தட்டிக்கழிக்கவில்லை. பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்து நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொல்லி, தெரிந்துகொள்ளப்பட்டவர்கள்மேல் கைகளை வைத்து ஜெபித்தார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பதைக் கவனித்தீர்களா? புறக்கணிக்கப்பட்டவர்களின் தரப்பிலிருந்தே பொறுப்பாளர்கள் எழும்பினார்கள். இதற்கு அடுத்த வசனம், தேவவசனம் விருத்தியடைந்தது, சீஷருடைய தொகை மிகவும் பெருகிற்று என்கிறது. நீதியைப்பற்றிப் பேசினால் சபை சுருங்கிப்போகும் என்று அஞ்சுகிறவர்கள் அந்த இரண்டு வசனங்களையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

இனி உங்கள் வேதனைக்கு வருகிறேன். வாசிக்கப்பட்ட அறிக்கையைச் சபையார் கவனிக்கவில்லை என்கிறீர்கள். அது சமூகப் பிரச்சினையைப்பற்றியது என்பதால் அப்படி நடந்தது என்று நான் நம்பவில்லை. யாரையும் குறிப்பிடாமல், எதையும் இழக்கத் துணியாமல், எல்லாரும் தலையசைக்கும்படி எழுதப்படும் அறிக்கைகளே நம்முடைய சபைகளில் அதிகம். நல்ல அறிக்கைகூட ஓரிடத்தில் வாயடைத்துப் போய்விடுவதுண்டு. 1934 மே மாதம் ஜெர்மனியின் பார்மன் நகரில் கூடியவர்கள், ஹிட்லரின் அரசு சபையைத் தன் கைக்குள் கொண்டுவர முயன்ற நேரத்தில், இயேசு கிறிஸ்துவைத் தவிர வேறொரு சத்தத்துக்குச் சபை கட்டுப்பட்டதல்ல என்று துணிந்து அறிக்கையிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டுத் திருச்சபை பெருமையோடு நினைக்கும் ஆவணம் அது. நானும் அதை மதிக்கிறேன். ஆனால் அதன் ஆறு பிரிவுகளில் ஒன்றிலும் யூதர்கள் படும் துன்பத்தைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதை எழுதுவதில் முதன்மையாக இருந்த கார்ல் பார்த், அந்த மௌனத்தைத் தம்முடைய குற்றமாகவே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். சபையின் சுதந்திரத்துக்காக அவ்வளவு உறுதியோடு எழுந்த குரல் அடுத்த வீட்டுக்காரனின் உயிருக்காக எழவில்லை. 1945 அக்டோபரில் ஸ்டுட்கார்ட் நகரில், இன்னும் தைரியமாய் அறிக்கையிடவில்லையே, இன்னும் அதிகமாய் அன்புகூரவில்லையே என்று ஜெர்மன் சபைத் தலைவர்கள் தங்களையே குற்றஞ்சாட்டிக்கொண்டபோது காலம் கடந்துவிட்டிருந்தது.

இராணுவ ஒடுக்குமுறைக்குள் சிக்கியிருந்த மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரின் பேராயர் ஆஸ்கார் ரொமேரோ அறிக்கை எழுதும் ஆயராக நின்றுவிடவில்லை. 1977இல் அவர் நியமிக்கப்பட்டபோது, அமைதியானவர், யாருக்கும் தொந்தரவு தராதவர் என்றே பலரும் எண்ணினார்கள். சில வாரங்களுக்குள் அவருடைய நண்பரான குரு ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அதன்பின் ஞாயிறுதோறும் வானொலியில் ஒலித்த தம்முடைய மறையுரைகளில், அந்த வாரத்தில் கொல்லப்பட்டவர்களையும் காணாமல்போனவர்களையும் பெயர் சொல்லி அறிவித்தார். 1980 மார்ச் 23ஆம் தேதி, கொலை செய்யாதிருப்பாயாக என்ற தேவகட்டளைக்கு விரோதமான உத்தரவுக்கு எந்தப் படைவீரனும் கீழ்ப்படியக் கடமைப்பட்டவனல்ல என்று சொன்னார். மறுநாள் மாலை, திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது சுடப்பட்டார். அந்த மறையுரைகளை யாரும் கவனிக்காமல் இருந்ததில்லை. எல்லாத் தலைவர்களும் உயிரைக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பொதுவாக 'வன்முறையைக் கண்டிக்கிறோம்' என்று எழுதுவதற்கும், இறந்தவரின் பெயரைப் பீடத்திலிருந்து உச்சரிப்பதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

நம்பகத்தன்மை குறைந்துபோனதற்கு இன்னொரு காரணமும் உண்டு; அதைச் சொல்லச் சபைக்குள் இருக்கிறவர்களுக்கே நாக்கு எழுவதில்லை. நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டிலே துவங்கும் என்று பேதுரு எழுதுகிறார். பிரான்சின் கத்தோலிக்க ஆயர்களும் துறவற சபைகளும், தங்களுடைய குருக்களும் துறவியரும் சிறாருக்கு இழைத்த பாலியல் கொடுமைகளை ஆராயும்படி 2018இல் ஒரு சுயாதீன ஆணையத்தை அமைக்கச் செய்தார்கள். 1950 முதலான எழுபது ஆண்டுகளில் பாதிக்கப்பட்ட சிறார்கள் ஏறத்தாழ 2,16,000 பேர் இருக்கலாம் என்று 2021 அக்டோபரில் அந்த ஆணையம் மதிப்பிட்டது. தாங்கமுடியாத எண் அது. அடுத்த மாதமே, தனிமனிதர்களின் பாவம் என்று ஒதுங்கிவிடாமல், ஆயர்கள் நிறுவனமாகவே பொறுப்பேற்று, இழப்பீட்டுக்காகச் சபையின் சொத்துகளை விற்கவும் முன்வந்தார்கள். அது மிகவும் தாமதம்தான். இருந்தாலும், பாதிக்கப்பட்டவரை அமைதிப்படுத்தி, குற்றவாளியை வேறு பங்குக்கு மாற்றி, சபையின் நற்பெயரைக் காத்துக்கொள்வதே கிறிஸ்துவுக்குச் செய்யும் ஊழியம் என்று நினைக்கிற தலைவர், உலகத்தின் ஒடுக்குமுறையைப்பற்றி எழுதும் அறிக்கையை யாருடைய மனச்சாட்சி கேட்கும்?

கட்சிகளுக்கு வாக்குக் கேட்பதும், தமக்குத் தெரியாத பொருளாதார நுட்பங்களுக்கு வேதவசனத்தால் முத்திரை குத்துவதும் சபைத் தலைவரின் வேலையல்ல. இந்த அளவில் உங்கள் எச்சரிக்கையை ஏற்றுக்கொள்கிறேன். கூலி பிடிக்கப்பட்ட வேலைக்காரரின் கூக்குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது என்று யாக்கோபு எழுதியதைப் பிரசங்கிக்க மட்டும் யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அறிக்கை வாசிக்கப்பட்டதை எனக்கு எழுதினீர்கள். அதை அனுப்பிய பேராயருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். அந்த அறிக்கையில் சொல்லப்பட்டபடி சபை தன்னுடைய நிறுவனங்களில் வேலை செய்கிறவர்களுக்கு நியாயமான கூலி கொடுக்கிறதா, சபைக்குள் பாதிக்கப்பட்ட ஒருவர் பயமில்லாமல் போய் முறையிட யார் இருக்கிறார்கள் என்ற இரண்டை மட்டும் மரியாதையோடு கேளுங்கள். வரும் பதிலை எங்களுக்கு அனுப்பினால், அவருடைய சம்மதத்தோடு இதே பக்கத்தில் வெளியிடுவோம்.