கோதிக் எழுத்தும் தங்க முதலெழுத்தும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கோதிக் எழுத்து (இடைக்கால ஐரோப்பியக் கையெழுத்துப் பாணி) பழகுகிறேன். தனித்தனி எழுத்துகள் நன்றாக வருகின்றன. ஒரு வரி எழுதினால் சில இடம் கறுப்பாக அடைத்துக்கொள்கிறது, சில இடம் ஓட்டை விழுந்தாற்போல் தெரிகிறது. 3 மி.மீ. நிப் வைத்திருக்கிறேன்.

பதில்: டெக்ஸ்டுரா வகை கோதிக்கில் கோட்டுக்கு என்ன அகலமோ, இடைவெளிக்கும் அதே அகலம். 3 மி.மீ. நிப்பை 45 டிகிரி சாய்த்துப் பிடித்தால் நெடுக்குக் கோடு சுமார் 2.1 மி.மீ.தான் வரும். எழுத்துக்குள்ளும், பக்கத்து எழுத்துக்கு முன்னும் அதே 2 மி.மீ. விடுங்கள். உயரம் ஐந்து நிப் அகலம், அதாவது 15 மி.மீ.

சாய்வு 30 டிகிரிக்கு இறங்கினால் கோடு 2.6 மி.மீ. ஆகிவிடும், 60க்கு ஏறினால் 1.5 மி.மீ. வரிக்கடைசிக்குப் போகப் போக மணிக்கட்டு திரும்புவதுதான் பெரும்பாலும் காரணம். கையை அதே இடத்தில் வைத்து, தாளை இடப்பக்கம் இழுத்துக்கொண்டே எழுதுங்கள்.

ஒரு பக்கம் முழுக்க வெறும் கால்களை மட்டும் போடுங்கள்: மேலே சாய்சதுரம், நேர் இறக்கம், கீழே சாய்சதுரம். பிறகு 'மினிமம்' (minimum) என்ற லத்தீன் சொல். ஏழு எழுத்து, 15 கால்கள். வேலிக்கம்புபோல் ஒரே சீராக நிற்க வேண்டும். படிக்கச் சிரமமாகத்தான் இருக்கும். அந்தக் குழப்பம் தீரத்தான் அக்கால எழுத்தர்கள் 'i' எழுத்தின் தலையில் ஒரு மெல்லிய கீற்றுப் போட்டார்கள்; இன்றைய புள்ளி அதிலிருந்து வந்தது.

கேள்வி: பத்தித் தொடக்கத்தில் வரும் பெரிய முதலெழுத்துக்கு வண்ணம் தீட்டியபின் தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டினேன். வண்ணத்தின் மேலெல்லாம் துணுக்குகள் அப்பிக்கொண்டன; பசை பூசிய இடத்தில் சுருக்கம்.

பதில்: தங்கம் முதலில், வண்ணம் பிறகு, கறுப்பு விளிம்பு அதற்கும் பிறகு. குவாஷ் வண்ணத்தில் (ஒளி ஊடுருவாத நீர்வண்ணம்) வேலம்பிசின் இருக்கிறது. மூச்சின் ஈரம் பட்டாலே அது ரேக்கைப் பிடித்துக்கொள்ளும்.

சுருக்கம் வந்தது, பசை உள்ளே காயாததால். பி.வி.ஏ. பசையில் (வெள்ளைப் பசை) சில துளி தண்ணீர் விட்டு மெதுவாகக் கலக்குங்கள். குலுக்கினால் குமிழி வரும், குமிழி உடைந்த இடத்தில் தங்கம் குழி விழும். துளி சிவப்பு குவாஷ் சேர்த்தால் பூசிய இடம் கண்ணுக்குத் தெரியும். மெல்லிதாக இரண்டு பூச்சு, முதல் பூச்சு முழுக்கக் காய்ந்தபின் இரண்டாவது.

அதுவும் காய்ந்ததும் ஒரு காகிதக் குழல் வழியாக இரண்டு மூன்று முறை மூச்சு விடுங்கள். ஊதக் கூடாது, மூக்குக்கண்ணாடி துடைக்க 'ஹா' என்று விடுவோமே, அந்த வெதுவெதுப்பான மூச்சு. உடனே ரேக்கை வைத்து, பட்டர் பேப்பர் போட்டு விரலால் அழுத்துங்கள். ஈரம் சில நொடிதான் நிற்கும், அதனால் ஒரு தடவைக்குக் கட்டைவிரல் அகலத்துக்கு மேல் ஆசைப்படாதீர்கள். விட்டுப்போன இடத்தில் மறுபடி மூச்சு விட்டு இன்னொரு ரேக்கு வைக்கலாம்.

கேள்வி: நீலத்தின் மேல் வெள்ளைக் கொடிவேலை போட்டால் நீலம் கரைந்து வெள்ளையோடு கலக்கிறது.

பதில்: குவாஷ் காய்ந்தபிறகும் தண்ணீர் பட்டால் கரையும். வெள்ளையைப் பாலேட்டுப் பதத்தில் வைத்து, நுண்தூரிகையால் ஒரே இழுப்பில் முடியுங்கள். கோடு கோணினால் ஈரத்தில் திருத்தாமல், காய்ந்தபின் நீலத்தால் மூடுங்கள்.