சாப்பாட்டு நேரத்தில் செல்போனுக்கு அழும் பிள்ளை

வணக்கம். மகனுக்கு இரண்டரை வயது. தட்டை எடுத்தாலே செல்போன் கேட்கிறான். இல்லையென்றால் தரையில் புரண்டு அழுகிறான், என்னை அடிக்கிறான். பத்து நிமிடம் பொறுத்துவிட்டுக் கொடுத்துவிடுகிறேன். "அடியாத மாடு படியாது, ரெண்டு போடு" என்கிறார் மாமியார். போடலாமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள சகோதரிக்கு,

வேண்டவே வேண்டாம். அடித்தால் அந்த நேரத்துக்கு அடங்குவான். கூடவே, கோபம் வந்தால் கை ஓங்கலாம் என்றும் படித்துக்கொள்வான். அவன் உங்களை அடிப்பதை நிறுத்த அது எப்படி உதவும்?

சிக்கல் அந்தப் பத்து நிமிடத்தில்தான். பத்தாவது நிமிடம் போன் கைக்கு வந்தால், அவ்வளவு நேரம் அழ வேண்டும் என்பதுதான் அவனுக்குப் புரிகிறது. ஒருநாள் மறுத்து மறுநாள் கொடுப்பது இன்னும் மோசம். இன்றும் கிடைக்கும் என்ற நப்பாசையிலேயே அழுகை நீளும்.

போனுக்குத் தனி நேரம் வையுங்கள், மாலையில் அரை மணி, நீங்களும் கூட உட்கார்ந்து. இரண்டு வயதுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம்கூடத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பு 2019-ல் சொன்னது. சாப்பிடும் வேளையில் வீட்டிலுள்ள எல்லார் போனும் கண்ணில் படாமல் இருக்கட்டும்.

அழ ஆரம்பித்தால் ஒரே முறை, "சாப்பிடும்போது போன் கிடையாது." அதற்குமேல் விளக்கம் வேண்டாம், அந்த நேரத்தில் எதுவும் காதில் ஏறாது. தலை இடிபடாமல் பார்த்துக்கொண்டு எட்டும் தூரத்தில் உட்காருங்கள். கை ஓங்கினால் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்து, "அடிக்கக் கூடாது." அழுகை விம்மலாகத் தேய்ந்ததும் மடியில் தூக்கித் தண்ணீர் கொடுங்கள். பழையதைக் கிளறாதீர்கள்.

சோற்றைச் சிறு உருண்டைகளாகப் பிடித்துத் தட்டில் வைத்தால் தானே எடுப்பான். முதல் உருண்டை வாய்க்குப் போனதுமே, "நீயே எடுத்துச் சாப்பிட்டியே!" என்று சொல்லுங்கள். அரை மணிக்குள் தட்டை எடுத்துவிடுங்கள். சாப்பிடவில்லையே என்று பிஸ்கட் நீட்டினால் அடுத்த வேளையும் பசிக்காது. பகல் தூக்கம் தவறிய நாளில் அழுகை கூடும். அன்று சாப்பாட்டைச் சற்று முன்னதாகவே வையுங்கள்.

முதல் சில நாள் அழுகை முன்பைவிட அதிகமாகும். பலர் கைவிடுவது இங்கேதான். அது பழைய வழி பலிக்கிறதா என்று அவன் பார்ப்பது. பூச்சாண்டி, ஊசி போடும் டாக்டர் என்று மிரட்டாதீர்கள். அப்புறம் காய்ச்சலுக்குக் கூட்டிப் போனாலும் வாசலிலேயே அலறுவான்.

மாமியாரிடம் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். பேரன் அழுகை பொறுக்காமல் அவர் ஒருமுறை போனைக் கொடுத்தாலும் மறுபடி முதல் நாளிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.